மூன்று மழை தாண்டிய ஆசாரி வேலையும், இன்னும் மாட்டாத லாஃப்ட் கதவும்

சமையலறை, பெட்ரூம் அலமாரி, லாஃப்ட், வாசல் கதவு எல்லாவற்றையும் எங்கள் ஏரியா ஆசாரியிடம் லேபர் கான்ட்ராக்டில் கொடுத்து மூன்று மழைக்காலம் ஆகிவிட்டது. பொருள் நாங்கள் வாங்கிக் கொடுத்தோம், சதுர அடிக்கு இவ்வளவு என்று கூலி. இப்போது புது வீடு கட்டும் நண்பர் ஒருவர் "மாடுலர் கம்பெனியா, ஆசாரியா?" என்று கேட்கிறார். ஃபேக்டரியில் செய்த பெட்டிகளைக் கொண்டுவந்து பொருத்துவதுதான் மாடுலர். போனில் சொன்னால் எனக்குக் கோபம்தான் முதலில் வரும். அதனால் எழுதிவிடுகிறேன்.

நல்லதை முதலில் சொல்கிறேன். வாசல் கதவுக்கான தேக்கை, செங்கோட்டை மரக்கடைக்குக் கூடவே வந்து ஆசாரிதான் பொறுக்கி எடுத்தார். எங்கள் பழைய கதவு ஐப்பசி பிறந்தாலே ஊதி நிலையில் இறுகிக்கொள்ளும், தோள் கொடுத்துத் தள்ள வேண்டும். மரம் நீளவாக்கில் அவ்வளவாக ஊதாது, அகலவாக்கில்தான் ஊதும். அவர் கதவு மாட்டியது நல்ல கோடையில். பூட்டுப் பக்கம் இடைவெளி கூடுதலாகத் தெரிகிறதே என்று கேட்டேன். "மழைக்கு அது வேணும் அண்ணாச்சி" என்றார். அந்த ஓரத்தை உள்பக்கமாக லேசாகச் சரித்து இழைத்தார். கதவை மாட்டும் முன் படுக்கப் போட்டு, கண்ணுக்கே தெரியாத மேல் விளிம்புக்கும் அடி விளிம்புக்கும் வார்னிஷ் அடித்தார். ஈரம் அந்த வழியாகத்தான் ஏறுமாம். இந்தக் கதவு மூன்று மழையிலும் ஒருமுறைகூடப் பிடிக்கவில்லை.

சமையலறையிலும் அதே கவனம். சிங்க்குக்குக் கீழே ஐஎஸ் 710 என்ற இந்தியத் தர எண் உள்ள பிளைவுட்தான் போட வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். 72 மணி நேரம் கொதிநீரில் போட்டுச் சோதிக்கிற தரம் அது. மற்ற இடங்களுக்கு ஐஎஸ் 303 தர பிளைவுட்டே போதும் என்று சொல்லி எங்களுக்குப் பணமும் மிச்சப்படுத்தினார். எவ்வளவு நல்ல பிளைவுட்டாக இருந்தாலும் அறுத்த விளிம்பு தண்ணீரை இழுக்கும். பைப் போகிற ஓட்டையின் உள்விளிம்புவரை பிரைமர் தடவிய ஆளை நான் இவரைத் தவிர வேறெங்கும் பார்த்ததில்லை. ஏழடி உயர அலமாரிக் கதவுகளுக்கு இரண்டு பக்கமும் மைக்கா ஒட்டினார். ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் பலகை வளையும். இன்றுவரை ஒரு கதவுகூட வளையவில்லை. கீலில் எந்த ஸ்குருவைத் திருப்பினால் கதவு ஏறும், எதைத் திருப்பினால் பக்கவாட்டில் நகரும் என்று என் மனைவிக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார். அதனால் கதவு இறங்கினால் நாங்களே சரிசெய்துகொள்கிறோம்.

இனி லாஃப்டுக்கு வருகிறேன்.

அதற்கான இரண்டு கதவுகளும் மைக்கா ஒட்டி, கீலுக்கு 35 மி.மீ. குழி தோண்டித் தயாராக இருக்கின்றன. பெட்ரூம் சுவரில் சாய்ந்து நிற்கின்றன. மாட்ட வேண்டியதுதான் பாக்கி, அரை நாள் வேலைகூட இல்லை. லாஃப்ட் வாயில் பழைய சேலையைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம். அறையைப் பெருக்கும்போதெல்லாம் அந்தக் கதவுகளை நகர்த்தி நகர்த்தி ஒன்றின் மூலையில் மைக்கா தெறித்துவிட்டது.

கடைசித் தவணையைக் கையில் வைத்துக்கொள், ஆசாரி தானாக வருவார் என்று எல்லோரும் சொல்வார்கள். நாங்களும் வைத்திருக்கிறோம். அந்தப் பணத்தை வாங்கக்கூட அவர் வரவில்லை! போன் செய்தால் எடுக்காமல் இருக்கமாட்டார், அதுதான் இன்னும் எரிச்சல். "பாளையங்கோட்டையில ஒரு பால்காய்ப்பு இருக்கு அண்ணாச்சி, அது முடிஞ்சதும் மொத வேலை உங்க வேலைதான். நாளைக்கழிச்சி காலைல வந்துருதேன்." அந்த நாளைக்கழிச்சி ஆவணியிலும் வரவில்லை, தையிலும் வரவில்லை. முகூர்த்தத் தேதி குறித்த வீட்டுக்காரர் தலைமேல் நிற்பார், அங்கேதான் ஓட வேண்டியிருக்கும். அது எனக்குப் புரிகிறது. கூட நின்று வேலை கற்றுக்கொள்ளப் பையன்களும் வருவதில்லை, இழைப்பதிலிருந்து அளவெடுப்பதுவரை அவர் ஒருவரே. அதுவும் புரிகிறது. ஆனால் வர முடியாது என்று ஒரே ஒரு தடவை சொல்லியிருந்தால் நான் வேறு வழி பார்த்திருப்பேனே. வேறு இரண்டு பேரைக் கூப்பிட்டும் பார்த்தேன். "இன்னொரு ஆசாரி கை வச்ச வேலை, நாங்க தொடமாட்டோம்" என்று இருவரும் ஒரே பதிலைச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள்.

மாடுலரில் இந்தத் தொல்லை குறைவு. ஆனால் பெட்டி ஃபேக்டரி அளவில் வரும். எங்கள் சமையலறைச் சுவர் ஒரு மூலையில் அரை அங்குலம் சாய்வு. ஆசாரி அந்தச் சாய்வுக்கு ஏற்றபடி பலகையைச் செதுக்கி இடைவெளியே இல்லாமல் பொருத்தினார். அந்தப் பொருத்தம் மாடுலரில் கிடைக்காது, ஒரு ஃபில்லர் பட்டை வைத்து மறைப்பார்கள். யாராவது ஆசாரியிடம் கொடுப்பதாக இருந்தால் லாஃப்டை முதலில் முடிக்கச் சொல்லுங்கள், வாசல் கதவைக் கடைசியில் வையுங்கள். கதவில்லாத வாசலை விட்டுவிட்டு எந்த ஆசாரியும் போகமாட்டார்.

வேலைக்கு மட்டும் மார்க் போட்டால் பத்துக்குப் பத்து கொடுப்பேன். ஆனால் நண்பரிடம் மாடுலருக்கே போகச் சொல்லப்போகிறேன். சுவரோரம் இடைவெளி விழட்டும், ஃபில்லர் பட்டை தெரியட்டும். சொன்ன தேதியில் கதவு மாட்டிய வீட்டில் அவர் குடியேறினால் போதும்.