வீட்ட வடிவாக்கி வித்துத் தாறன் எண்டு வாறவங்ககிட்ட கவனம் - நாவற்குடால எனக்கு நடந்தது

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் விலபோகாத வீட்ட வச்சிட்டு இருக்கிற ஆக்கள் தயவுசெய்து இத முழுசா வாசிங்க. எழுதுறதா வேணாமா எண்டு ரெண்டு மாசமா யோசிச்சிட்டே இருந்தன். போன கிழமை களுவாஞ்சிக்குடில இருந்து எனக்குத் தெரிஞ்ச டீச்சர் ஒராள் கோல் எடுத்து, அக்கா உங்கட வீட்ட ஒரு தம்பி செட் பண்ணித் தந்தவராமே, எங்களுக்கும் செய்து தாறன் எண்டு 2 லட்சம் அட்வான்ஸ் கேக்கிறார், ஆள் எப்படி எண்டு கேட்டா. என்ட வீட்டுப் போட்டோவத்தான் அவன் சாம்பிளா காட்டிட்டுத் திரியிறான். இதுக்குப் பிறகும் நான் வாய மூடிட்டு இருந்தா அது பாவம்.

ஆள்ட பேர இங்க போடல்ல, விசயம் இன்னும் மத்தியஸ்த சபைல (கோட்டுக்குப் போக முந்தி ரெண்டு பக்கத்தயும் இணக்கிப் பாக்கிற சபை) கிடக்கு. ஆனா அவன் வேல செய்யிற விதத்தச் சொல்றன்.

எங்கட வீடு நாவற்குடால வாவிப் பக்கம், 14 பேர்ச் வளவு. அப்பா கட்டின கல்வீடு, எனக்கு சீதனமா எழுதித் தந்தது, எங்கட பக்கம் வீடு எண்டா பொம்புளப் புள்ளைக்குத்தானே. நான் கலியாணம் முடிச்சி ஆலையடிவேம்புக்கு வந்திட்டன், அம்மா இருக்கும் மட்டும் அவ அங்க இருந்தா, அவ கண் மூடினதுக்குப் பிறகு வீடு பூட்டித்தான் கிடந்த. இங்க வீடு கட்ட எடுத்த பேங்க் லோன் கழுத்த நெரிக்குது, அத வித்துக் கட்டுவம் எண்டு முடிவெடுத்து மூணு வருசமா விக்கப் பாக்கம், போகல்ல. காரணம் எனக்கும் தெரியும். மாரில வாவி பெருகினா வளவுக்குள்ள தண்ணி வரும், வாவி கடலோட சேருற முகத்துவாரத்த வெட்டி விட்டாத்தான் வடியும். 2011 தை மாச வெள்ளத்துல குசினிக்குள்ள முழங்கால் அளவு நிண்டது. அதுல இருந்து முன் அறைலயும் சாலைலயும் (ஹோல்) சுவர்ட கீழ்ப்பக்கம் ரெண்டு மூணு அடிக்கு எப்பவும் ஈரம், உப்புப் பூத்து சாந்து உதிர்ந்து விழும். பாக்க வாற சனம் அந்தச் சுவரத் தடவிப் பாத்திட்டு, பிளேன்டி குடிச்சிட்டு, சொல்லியனுப்புறம் எண்டு போவாங்க. மறுகா ஒரு கதையும் இருக்காது.

போன வருசம் ஆனில இந்தப் பொடியன் வந்தான். நல்ல மரியாதையான புள்ள, கொழும்புல வீடு விக்கிற கொம்பனில வேல செஞ்ச எண்டான். அக்கா வாற ஆள் கேட்டத் திறந்து உள்ள கால் வைக்கிற அந்த ரெண்டு நிமிசத்துலதான் மனசால முடிவெடுக்கும், உங்கட வீட்டுல அந்த ரெண்டு நிமிசம் சரியில்ல எண்டான். பூட்டிக் கிடந்த வாடை போகணும், ஜன்னலுக்கு முன்னால கிடக்கிற சாமான எடுத்து வெளிச்சம் விடணும், சுவருக்கு பச்சையும் ரோசும் வேணாம் வெள்ளை மாதிரி ஒரு கலர் அடிக்கணும், அம்மா அப்பாட படங்களக் கழட்டணும், பாக்கிற ஆள் தன்ட குடும்பத்த இந்த வீட்டுக்குள்ள வச்சி நினைச்சிப் பாக்கணும் எண்டான். அவன் சொன்னதுல முக்காவாசி சரிதான். இப்பவும் சரி எண்டுதான் சொல்லுவன். அதாலதான் நான் நம்பினன், பொய்யே சொல்லியிருந்தா அண்டைக்கே வெளிக்கிடச் சொல்லியிருப்பன்.

மொத்தம் 480,000 ரூபா. மூணு மாசத்துல விக்கல்லயெண்டா பாதிக் காசு திருப்பித் தாறன் எண்டு வாயால சொன்னான். நான் எழுதி வாங்கல்ல. காச மூணு தரமா குடுத்தன், ரெண்டாம் தரம் மட்டும் பேங்க்ல போட்ட, மத்ததெல்லாம் கையில. பில் கேட்டா கடைசில ஒண்டா தாறன் அக்கா எண்டான். அந்தக் கடைசி வந்தும் ஒரு துண்டும் தரல்ல.

சுவர் விசயம்தான் பெரிய விசயம், இதக் கவனமா கேளுங்க. ஈரச் சுவருக்கு என்ன செய்யப் போற எண்டு நான் கேட்டன். அதுக்கெண்டே ஸ்பெசல் பெயிண்ட் இருக்கு அக்கா, ஒரு சொட்டுத் தண்ணி வெளிய வராது எண்டான். உப்பச் சுரண்டிட்டு அதுக்கு மேலயே பட்டி பூசி, ரெண்டு கோட் பெயிண்ட் அடிச்சி நாலு நாள்ல முடிச்சிட்டான். ஆடி வெயில், சுவர் பளிங்கு மாதிரி இருந்திச்சி, எனக்கு சந்தோசத்துல கண் கலங்கிட்டு. இப்ப எங்களுக்கு வேல செய்யிற மேசன் பாஸ் சொல்லித்தான் விளங்கின, ஈரம் வெளிய இருந்து வரல்ல, நிலத்துல இருந்து அத்திவாரத்தால மேல ஏறுது. அந்தக் காலத்து வீட்டுக்கு அத்திவாரத்துக்கும் சுவருக்கும் நடுவுல தண்ணி ஏறாம ஒரு தடுப்பும் போடல்ல, கீழ மணல் தரை, கொஞ்சம் தோண்டினாலே தண்ணி. ஏறின தண்ணி சுவரால காத்துல காயும், உப்பு மட்டும் முகத்துல மிஞ்சும், அதத்தான் நாங்க பூக்குது எண்டு சொல்றம். அதுக்கு மேல தண்ணி விடாத பெயிண்ட அடிச்சா காய வழியில்லாம தண்ணி இன்னும் மேல ஏறும், இல்லாட்டி உள்ள நிண்டு பெயிண்டத் தள்ளும். என்ட வீட்டுல ரெண்டும் நடந்த. மூணடில நிண்ட ஈரம் இப்ப நாலர அடில நிக்கிது.

மறுகா சாமான். பழசு கிடந்தா வீடு சின்னதாத் தெரியும் எண்டு சொல்லி அப்பாட முதிரைக் கதிரை நாலும், அம்மாட அலுமாரியும், கட்டிலும் ஒரு லொறில ஏத்தினான். ஸ்டோர் ஒண்டு இருக்கு, வித்து முடிய உங்கட வீட்டுக்கே கொண்டு வந்து இறக்குவன் எண்டான். அதுக்குப் பதிலா ஒரு சோபாவும் கண்ணாடி மேசையும் ரெண்டு பிளாஸ்டிக் பூச்சாடியும் வாடகைக்கு எண்டு கொண்டு வந்து வச்சான், போட்டோ எடுத்து முடிஞ்ச மத்த கிழமையே அதயும் ஏத்திட்டுப் போயிட்டான். பக்கத்து வீட்டுப் பெரியம்மா அண்டைக்கே எனக்கு கோல் எடுத்து, "என்ன புள்ள, கொம்மாட அலுமாரியையும் வித்துப் போட்டியா" எண்டு கேட்டா. இல்ல பெரியம்மா, வந்திரும் எண்டு சொன்னன்.

போட்டோவப் பத்தியும் சொல்லணும். பத்துக்குப் பத்து அறை போட்டோல மண்டபம் மாதிரி இருந்திச்சி. வாவி வாசல்படில இருக்கிற மாதிரி மேல இருந்து ஒரு படம். கல்முனைல இருந்து ஒரு குடும்பம் சின்னப் புள்ளைகளோட பஸ்ஸேறி வந்து, அறையப் பாத்திட்டு அந்த அம்மா என்ன ஒரு பார்வை பாத்தா, அந்தப் பார்வை இன்னும் போகல்ல. போட்டோவால வந்த ஏழெட்டுப் பேரும் அப்படித்தான் போனாங்க.

கடைசில ஆவணில செங்கலடி சேர் ஒராளுக்குப் பிடிச்சிட்டு. ரிட்டையர் ஆன மனிசன், மகளுக்கு சீதனமா குடுக்க வீடு தேடினவர். சேர் சுவரத் தடவிப் பாத்து, ஈரம் ஒண்டும் இல்லத்தானே தங்கச்சி எண்டு கேட்டார். நான் வாய் திறக்க முந்தி அவன், "சேர் எல்லாம் சரியாக்கிட்டம்" எண்டான். நானும் தலையாட்டினன். இதுதான் என்ன ராவில நித்திர கொள்ள விடாத விசயம், காசு போனதக் கூட நான் இப்படி நினைக்கிறல்ல. சேர் 5 லட்சம் அட்வான்ஸ் தந்தார். ஐப்பசி கடைசில மழ பிடிச்சிது, கார்த்திகைல சேர் மகளையும் மருமகனையும் காட்டக் கூட்டி வந்தார், கதவத் திறந்தா சுவர் முழுக்க கொப்புளம், சாலைக்குள்ள பட்டி பத்தை பத்தையா விழுந்து கிடக்கு, பழைய வாடை அப்படியே. சேர் ஏசல்ல. "என்ட புள்ளைக்கு வாங்கின வீடு தங்கச்சி" எண்டு மட்டும் சொன்னார். ரெண்டு நாள்ல என்ட சங்கிலிய அடகு வச்சி அட்வான்ஸத் திருப்பிக் குடுத்தன்.

அதுக்குப் பிறகு அவன்ட போன் வேல செய்யல்ல. பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு, கோல் நம்பர் 1977, முறைப்பாடு எழுத வெளிக்கிட்டா, வேல செஞ்சி மூணு மாசத்துக்குள்ள எழுத்துல குடுக்கணுமாம், எனக்கு நாள் தாண்டிட்டு. நீங்க ஆரும் இதுல மாட்டினா அந்த மூணு மாசத்த விட்டுடாதீங்க. மறுகாதான் மத்தியஸ்த சபைக்குப் போன. முதல் தவணைக்கு அவன் வரல்ல, ரெண்டாவதுக்கு வந்து ரெண்டு கதிரையயும் 60,000 ரூபாவயும் தந்தான், பேங்க்ல போட்ட சிலிப் இருந்ததால அந்த அளவுக்காவது ஒத்துக்கொண்டான். கையில குடுத்த காசுக்கு என்ட வாய்தான் சாட்சி. அடுத்த தவணைக்கும் இணக்கம் வரல்லயெண்டா அப்படியெண்டு எழுதித் தருவாங்க, அதக் கொண்டு கோட்டுக்குப் போவன்.

ஆரும் உங்கட வீட்டுச் சுவருக்கு பெயிண்ட் அடிக்க வந்தா முதல்ல ஒரு வேல செய்யுங்க, பாஸ் காட்டித் தந்தது. ஒரு சொப்பிங் பேக்க சதுரமா வெட்டி நாலு பக்கமும் டேப் போட்டு சுவரோட ஒட்டி ஒரு நாள் விடுங்க. உள்பக்கம் வேர்த்திருந்தா அந்தச் சுவருக்கு ஒண்டும் பூச விடாதீங்க, ஈரம் எங்க இருந்து வருதெண்டு பாக்காம ஆரு என்ன சொன்னாலும் சரி. சாமான் வெளிய போறதெண்டா ஒவ்வொண்டா எழுதி, படம் எடுத்து, ஏத்துறவன்ட கையெழுத்தும் அடையாள அட்டை நம்பரும் வாங்குங்க. காசு பேங்க்ல மட்டும்.

பாஸ் இப்ப பழைய சாந்த அஞ்சடிக்குக் கொத்தி எடுத்துட்டு சுவரக் காய விட்டிருக்கார், வெயில் முடியும் மட்டும் ஒண்டும் பூச வேணாம் எண்டு சொல்லிட்டார். நான் பெரியம்மாட மகளோட சேந்து கிணறு இறைச்சி, வளவு கூட்டி, ஜன்னல் எல்லாம் திறந்து வச்சன், அதுக்கே வீடு மூச்சு விட்ட மாதிரி இருக்கு. பாக்க வாற ஆக்களுக்கு கொத்தின சுவரையும் காட்டி, மாரில தண்ணி எதுவரைக்கும் வரும் எண்டும் நானே சொல்றன். ரெண்டு பேர் விலையக் குறைச்சிக் கேட்டிருக்காங்க, ஒராள் திரும்பியும் வாறன் எண்டிருக்கார்.

இன்னும் ஒரு விசயம். அந்த அலுமாரி முதிரை, ரெண்டு கதவு, இடப்பக்கக் கதவுல கண்ணாடி, கீழ ஒரு கால் மாத்திப் போட்டது, நிறம் வித்தியாசமா இருக்கும். வலப்பக்கக் கதவ உள்பக்கம் பாத்தா அம்மா பென்சிலால எழுதின சீட்டுக் கணக்கு இருக்கும், மேல இருந்து கீழ வரைக்கும் மாசம் மாசமா. கல்முனை, காத்தான்குடி, ஏறாவூர், வாழைச்சேனைப் பக்கம் பழைய தளபாடக் கடைக்குப் போறவங்க ஆரும் கண்டா எனக்குச் சொல்லுங்க, கேக்கிற விலையக் குடுத்து வாங்கிக்கிறன்.