பி.எஸ்சி. நர்சிங்கா, ஜி.என்.எம். படிப்பா?

பிளஸ் டூ முடித்த பிள்ளையோடு பாளையங்கோட்டையில் கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கும் பெற்றோர் கேட்பது இதைத்தான். பி.எஸ்சி. நர்சிங் பட்டப்படிப்பு; ஜி.என்.எம். என்பது பொதுச் செவிலியமும் பேறுகாலப் பணியும் கற்றுத்தரும் பட்டயப்படிப்பு.

காலம்: பி.எஸ்சி. 4 ஆண்டு, ஜி.என்.எம். 3.

தகுதி: பி.எஸ்சி.க்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் வேண்டும். ஜி.என்.எம்.முக்கு இந்தியச் செவிலியர் கவுன்சில் அறிவியல் பாடத்தைக் கட்டாயமாக்கவில்லை.

கற்றுத்தரும் நோக்கம்: செலவைவிட இதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். பட்டப்படிப்பு ‘ஏன்’ என்று கேட்கப் பழக்குகிறது. ஆராய்ச்சி, நிர்வாகம் எல்லாம் உண்டு. பட்டயப்படிப்பு கையைப் பழக்குகிறது. படுக்கையில் கிடப்பவருக்குப் படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கொருமுறை புரட்டி, இடுப்புத் தோல் சிவந்திருக்கிறதா என்று பார்க்கும் கண் இரண்டிலும் வர வேண்டும். அதைக் கற்றுத்தராத இடத்தில் பிள்ளையைச் சேர்க்காதீர்கள்.

ஆசிரியராக, எம்.எஸ்சி. படிக்க ஆசையா? பி.எஸ்சி. வீட்டுக்குச் சீக்கிரம் சம்பளம் வர வேண்டுமா? ஜி.என்.எம். பிறகு 2 ஆண்டு போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. நர்சிங் படித்துப் பட்டமும் வாங்கலாம்.