துருவை மறைத்து விற்ற கார்: 1,15,000 ரூபாய் போச்சு, நீங்களாவது உஷாராக இருங்கள்

ராமநாதபுரம் பைபாஸ் பக்கம் பழைய கார் வாங்கி விற்கிற ஒரு கடை. வயிறு எரிகிறது. 1,15,000 ரூபாய், சுளையாகக் கொடுத்த பணம்.

அப்பாவை மண்டபத்திலிருந்து மதுரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக ஒரு சின்ன வண்டி தேவைப்பட்டது. கடைக்காரர் காட்டியது செவர்லே ஸ்பார்க். "அண்ணே, இது பழைய டேவூ மாட்டிஸ்தான். டேவூ நொடிச்சப்ப ஜெனரல் மோட்டார்ஸ் வாங்குனான். மாட்டிஸ்ல 796 சிசி, மூணு சிலிண்டர். இதுல 995 சிசி, நாலு சிலிண்டர். 2007ல இங்க இறக்குனான்" என்று விவரமாகச் சொன்னார். வீட்டில் நெட்டில் தேடிப் பார்த்தேன், அத்தனையும் சரி. அதனால்தான் "பரமக்குடி டாக்டர் வண்டி, உப்புக்காத்தே படாதது" என்றதையும் நம்பினேன். ஆர்சி (வண்டிப் பதிவுச் சான்று)? பழைய லோன் கேன்சலுக்காக ஆர்டிஓ ஆபீசில் இருக்கிறதாம்.

பாம்பன் பாலம் ஏறும்போதே முன்பக்கம் கடகடவென்று சத்தம். உச்சிப்புளி மெக்கானிக் ஜாக்கி வைத்துத் தூக்கினார். அடியில் பளபளவென்று புதுக் கறுப்பு கோட்டிங். ஸ்க்ரூடிரைவரால் லேசாகக் குத்தினார், அப்படியே உள்ளே போய்விட்டது. துருவும், அதை மறைக்கப் பூசிய பட்டியும் (putty) பொலபொலவென்று கொட்டின. டிரைவர் காலடியில் போட்ட மேட்டை (மிதியடியை) தூக்கினால் கீழே ரோடு தெரிகிறது! இந்த வண்டியில் அப்பாவை உட்கார வைத்து மதுரை வரை போயிருப்பேன். அப்புறம் ஆர்சி வந்தது. முகவரி பரமக்குடி இல்லை, ராமேஸ்வரம் தீவில் இருக்கிற தங்கச்சிமடம். இரண்டு பக்கமும் கடல்.

கடையில் கேட்டால், "சின்ன டிங்கரிங் வேலைண்ணே, திங்கக்கிழமை கொண்டாங்க." திங்கட்கிழமை போனால் முதலாளி காரைக்குடி போய்விட்டாராம். அடுத்த தடவை, "பழைய வண்டின்னா துரு இருக்கும், பாத்துத்தானே எடுத்தீங்க" என்று கடைப் பையன் முகத்தில் அடித்த மாதிரி சொல்கிறான். இப்போது போனே எடுப்பதில்லை. 1,15,000 ரூபாய்க்கு என்னிடம் இருப்பது ஒரு துண்டுச்சீட்டு.

வண்டியின் பிறப்பு வளர்ப்பெல்லாம் சொன்னவர், 2017 கடைசியோடு ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி இந்தியாவில் விற்பனையை நிறுத்தியதை மட்டும் சொல்லவில்லை. பார்ட்ஸுக்கு மெக்கானிக் இப்போது மதுரையில் தேடிக்கொண்டிருக்கிறார்.

நம்ம கடற்கரைப் பக்கம் பழைய வண்டி எடுத்தால் ஜாக்கியில் தூக்கிப் பாருங்கள். அடியில் புதுக் கறுப்பு கோட்டிங் இருந்தால் தட்டிப் பார்க்காமல் விடாதீர்கள். மேட்டைத் தூக்குங்கள். ஒரிஜினல் ஆர்சியில் முகவரி பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். நுகர்வோர் கோர்ட்டுக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். பைபாஸ் கடையில் இதே மாதிரி ஏமாந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள், சேர்ந்தே போடலாம்.