கரை ஒதுங்கும் டால்பின்களைக் கையாள ஒரு நாள் பயிற்சி, மும்பை வெர்சோவா: போகலாமா?

கட்டாயம் போகலாம். காலையில் ஜூஹு மணலில் நடக்கிறவர்கள், சசூன் டாக்கில் மீன் எடுக்கிறவர்கள், கடற்கரை நாய்களுக்குச் சோறு வைக்கிறவர்கள் எல்லாரும் போகவேண்டிய வகுப்பு. வெர்சோவாவில் ஒரு சின்ன தன்னார்வக் குழு நடத்துகிறது. டால்பினோ, முதுகுத் துடுப்பு இல்லாத கடற்பன்றியோ, திமிங்கலமோ கரையில் கிடந்தால் என்ன செய்யணும், எதைச் செய்யவே கூடாது என்று ஒரு முழு நாள் சொல்லித் தருகிறார்கள். கட்டணம் 900 ரூபாய், மதியச் சாப்பாடு சேர்த்து.

நான் செம்பூரில் ஒரு பரிசோதனை லேபில் டெக்னீஷியன். அதனால் சாம்பிள், லேபிள், ஐஸ் பெட்டி விஷயங்களைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே எழுதுவேன்.

காலை முழுக்க செய்முறை. தார்ப்பாயில் தைத்து ஈர மணல் அடைத்த ஒரு டால்பின் பொம்மையை வைத்துக்கொண்டு சொல்லித் தந்தார்கள். நம்ம கடலில் திரியும் கூன் டால்பின் வளர்ந்தால் 200 கிலோவைத் தாண்டும். வாலைப் பிடித்து இழுத்தால் முதுகெலும்பு போய்விடும், பக்கத் துடுப்பைப் பிடித்துத் தூக்கினால் மூட்டு கழன்றுவிடும். வயிறு மணலில் படும்படி நிமிர்த்தி வைக்கணும், துடுப்புக்குக் கீழே குழி பறிக்கணும், ஈரத் துணி போர்த்தணும். மூச்சுத் துளை மேல் துணியும் படக்கூடாது, தண்ணீரும் விழக்கூடாது. சுற்றி நின்று கத்தவோ செல்ஃபி எடுக்கவோ கூடாது, நாயை அண்டவிடக் கூடாது. மூச்சை எண்ணி நேரத்தோடு குறித்து வைக்கணும். வனத்துறையின் 1926 எண்ணை எல்லார் போனிலும் அங்கேயே பதிய வைத்தார்கள். இவ்வளவையும் கையால் செய்து பார்த்ததில்தான் மனதில் நின்றது.

ஆனால் காசு கொடுத்ததற்கு எனக்குக் கிடைத்த பெரிய விஷயம், 'கடலுக்குள் திருப்பித் தள்ளாதே' என்ற பாடம். கரையில் ஒரு டால்பின் துடிப்பதைப் பார்த்ததும் யாருக்கும் முதலில் தோன்றுவது அதைத் தண்ணீரில் விடணும் என்பதுதான். தனியாகக் கரைக்கு வரும் டால்பின் பெரும்பாலும் உடம்புக்கு முடியாமல்தான் வருகிறது, டாக்டர் பார்க்கும் முன் தள்ளிவிட்டால் அது ஆழத்தில் மூழ்கிச் சாகும், நோய்த் தொற்று இருந்தால் அதைக் கூட்டத்துக்குள் கொண்டுபோகவும் செய்யும் என்றார் பாடம் எடுத்த கால்நடை மருத்துவர்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் சயான் கோலிவாடாவில் கடை வைத்திருக்கும் ஒரு தூத்துக்குடி அண்ணாச்சி. இடைவேளையில் டீ குடிக்கும்போது பேச்சு ஊருக்குப் போனது. "2016 பொங்கல் சமயம் மணப்பாட்டுல திமிங்கலம் ஒதுங்குச்சே, நாங்க எல்லாரும் சேர்ந்துதான் தள்ளினோம்மா. தள்ளத் தள்ளத் திரும்பி வந்துச்சு. அழாதவன் கிடையாது" என்றார். அன்று வந்தவை எண்பதுக்கும் மேல், குட்டைத் துடுப்புள்ள பைலட் திமிங்கலங்கள். அதே கரையில் 1973-லும் 147 ஒதுங்கியிருக்கின்றன. அண்ணாச்சி இதை வகுப்பிலேயே எழுந்து கேட்டார். எல்லா ஒதுங்கலுக்கும் நோய்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. பைலட் திமிங்கலங்கள் கூட்டத்தை விட்டுப் பிரியாதவை, ஒன்று மாட்டினால் மற்றதும் பின்னாலேயே வரும். வலை, கப்பல் அடி என்று வேறு காரணங்களும் உண்டு என்று டாக்டர் பொறுமையாகப் பதில் சொன்னார். அங்கேயே அவர் மேல் எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

டால்பின்களைக் கொல்லும் மார்பிலிவைரஸ் பற்றிய பாடம் மதியத்துக்கு மேல். மார்பிலிவைரஸ் என்பது நெருங்கிய உறவுள்ள வைரஸ்களின் ஒரு கூட்டம். குழந்தைகளுக்கு வரும் தட்டம்மை, நாய்களைக் கொல்லும் டிஸ்டெம்பர், ஆட்டுக்கொல்லி, 2011-இல் உலகத்தை விட்டே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்ட மாட்டு வெக்கை நோய் எல்லாம் அதில் அடக்கம். டால்பினுக்கும் திமிங்கலத்துக்கும் என்று அதில் தனியாக ஒன்று இருக்கிறது. ஒன்றாக மேலே வந்து மூச்சு விடும்போது தெறிக்கும் துளிகளில் பரவுகிறது. தாயிடமிருந்து வயிற்றில் இருக்கும் குட்டிக்கும் போகிறது. நுரையீரலைப் பிடித்தால் மூச்சு வாங்கும், மூளைக்குப் போனால் திசை தெரியாது, நடுக்கமும் வலிப்பும் வரும். எதிர்ப்புச் சக்தியையும் இது அடித்துப் போடுவதால் பூஞ்சையும் மற்ற கிருமிகளும் பின்னாலேயே நுழைந்துவிடும். கடலில் திரியும் கூட்டத்துக்கு ஊசி போட வழியில்லை.

1990-இல் ஸ்பெயினின் வலென்சியா பக்கம் இந்த வைரஸால் கோட்டு டால்பின்கள் சாக ஆரம்பித்து, இரண்டே ஆண்டில் அந்தச் சாவு இத்தாலி, கிரீஸ் வரை மத்தியதரைக் கடல் முழுக்கப் பரவியது. ஆயிரக்கணக்கில் போயின. செத்தவற்றின் உடம்பில் பிசிபி என்ற நச்சு ஏராளமாக இருந்திருக்கிறது. பழைய டிரான்ஸ்பார்மர் எண்ணெயில் இருக்குமே, அதுதான். அந்த நச்சு எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் என்பதால் அதையும் சேர்த்துத்தான் பார்க்கிறார்கள். அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையில் 1987-88-இல் 740-க்கும் மேல் ஒதுங்கின. 2013-இல் அதே கரையில் நோய் மறுபடி வந்து, 2015-க்குள் 1,600-க்கும் அதிகமானவை கரை சேர்ந்தன. 2017-18-இல் பிரேசிலின் செபெடிபா விரிகுடாவில் இருநூறுக்கும் மேல் கயானா டால்பின்கள் செத்தன.

அமெரிக்கக் கரைக்கு இருபத்தைந்து வருடம் கழித்து ஏன் மறுபடி வந்தது? முதல் தடவை பிழைத்தவற்றுக்கு எதிர்ப்புச் சக்தி இருந்தது. அவை வயதாகிப் போக, நோயையே பார்க்காத புதுத் தலைமுறை வந்துவிட்டது. 2022 கடைசியில் எங்கள் பக்கத்துக் கோவண்டியில் தட்டம்மை பரவி, ஊசி போடாத குழந்தைகள் சுருண்டு விழுந்த நாட்களை லேபில் இருந்தவர்கள் யாரும் மறக்க மாட்டோம். அதே கணக்குத்தான் கடலிலும் நடக்கிறது என்று கேட்டபோது எனக்கு உடம்பு ஆடிவிட்டது.

வகுப்பிலேயே நான் உயர்வாக நினைப்பது சாம்பிள் எடுக்கும் பகுதி. 1987 சாவுகளுக்குக் கடல்பாசி நச்சுதான் காரணம் என்று முதலில் முடிவு கட்டியிருக்கிறார்கள். யாரோ எடுத்துப் பத்திரமாக வைத்திருந்த திசுக்களைப் பல வருடம் கழித்து மறுபடி சோதித்த பிறகுதான் மார்பிலிவைரஸ் வெளியே வந்தது. அன்று அந்தத் திசுக்களைச் சேமிக்காமல் விட்டிருந்தால் அந்த உண்மை வெளியே வந்தே இருக்காது. டாக்டர் செய்துகாட்டியதும் சுத்தமான வேலை. நுரையீரல், மூளை, மண்ணீரல், நிணநீர்க் கணு ஒவ்வொன்றிலும் இரண்டு பங்கு. ஒன்று திசுவைக் கெடாமல் வைக்கும் ஃபார்மலினில், திசுவைப் போல் பத்து மடங்கு திரவம், துண்டு ஒரு சென்டிமீட்டரைத் தாண்டாத கனம். மற்றொன்று வைரஸைத் தேடும் ஆர்டி-பிசிஆர் சோதனைக்கு, உடனே குளிரில். டப்பாவுக்குள் போடும் சீட்டை பென்சிலால் எழுதச் சொன்னார், பேனா மை கரைந்துவிடும் என்பதால். எங்கள் லேபில் புதிதாகச் சேருகிறவர்களிடம் நான் தினமும் மன்றாடுவது இதற்குத்தான். இந்த அறுக்கிற வேலை எல்லாம் வனத்துறை அனுமதியோடு மருத்துவர் செய்வது. 1972 வனவிலங்குச் சட்டத்தில் அதிகப் பாதுகாப்பு தரும் முதல் அட்டவணையில் டால்பின், திமிங்கலம் எல்லாம் வருகின்றன. நம் வேலை நேரத்தோடு தகவல் சொல்வது. நம்ம கரைக்கு மழைக்காலத்தில் வருபவை பெரும்பாலும் அழுகியே வருகின்றன, அதில் வைரஸ் தேடுவது கஷ்டம். ஒரு மணி நேரம் முன்னாடி சொன்னாலும் அது லாபம்.

இந்த மார்பிலிவைரஸ் மனிதருக்கு வந்ததாகத் தகவல் இல்லை. அதற்காக வெறும் கையோடு போகாதீர்கள். டால்பினிடம் புரூசெல்லா கிருமி இருக்கலாம், அது மனிதரைத் தாக்கும். 2022-இல் ஃப்ளோரிடாவில் ஒரு டால்பினிலும் ஸ்வீடனில் ஒரு கடற்பன்றியிலும் பறவைக் காய்ச்சல் வைரஸே கிடைத்திருக்கிறது. கையுறை, மாஸ்க் போடணும், மூச்சுத் துளைக்கு நேரே முகத்தை நீட்டக் கூடாது.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். இவ்வளவு முக்கியமான வைரஸ் பாடத்தைச் சாப்பாட்டுக்குப் பிறகு, பாதிப் பேர் கண் சொருகும் நேரத்தில், அவசர அவசரமாக முடித்தார்கள். அதைக் காலையில் முதலில் வைக்கணும். கையேடு முழுக்க ஆங்கிலம். முன் வரிசையில் உட்கார்ந்திருந்த, மும்பையின் கோலி மீனவச் சமூகத்து மீன்கார மாவ்ஷி (மராத்தியில் சித்தி), நோய்ப்பட்ட டால்பின் திரிந்த இடத்து மீனைச் சாப்பிடலாமா என்று மராத்தியில் கேட்டார். இது பாலூட்டிகளின் வைரஸ், மீனுக்கு வராது, தாராளமாகச் சாப்பிடலாம் என்று டாக்டர் சொன்னதும் அவர் முகம் தெளிந்தது. அந்த ஒரு வரி கையேட்டில் எந்த மொழியிலும் இல்லை. ஒதுங்கியதை முதலில் பார்ப்பது மாவ்ஷி போன்றவர்கள்தான். 900 ரூபாய் அவர்களுக்கு ஒரு நாள் வருமானம். மீனவர்களிடம் வாங்கவே கூடாது. அதோடு, நாம் தகவல் சொல்லி எடுத்த சாம்பிளின் முடிவு நமக்கு வருமா என்று கேட்டேன், சரியான பதில் இல்லை. முடிவு தெரியாவிட்டால் ஜனங்கள் அடுத்த தடவை போனை எடுக்க மாட்டார்கள். இதைக் கருத்துப் படிவத்திலும் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன்.

சாப்பாடு சாதாரணம், சைவமும் மீனும் இருந்தது. காட்கோபரிலிருந்து வெர்சோவா மெட்ரோ, அங்கிருந்து ஷேர் ஆட்டோ. செய்முறை முழுக்க ஈர மணலில் என்பதால் நனைந்தாலும் பரவாயில்லாத உடுப்பும் மாற்றுத் துணியும் எடுத்துக்கொள்ளுங்கள். கையுறை அவர்களே தருகிறார்கள், சின்னக் கைக்கு அளவு கிடைக்காது, பெண்கள் சொந்தமாக ஒரு ஜோடி வைத்துக்கொள்வது நல்லது. மழைக்கு முன்னால் நடக்கும் வகுப்பாகப் பார்த்துச் சேருங்கள்.