கண்ணில் நுளம்பு பறக்குது என்று போனால் கண்ணாடி விற்கிறார்கள்

யாழ்ப்பாண நகரத்துக்குள் நடந்தது. ஆளுக்கு 58 வயது, பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே கிட்டப்பார்வைக் கண்ணாடி. ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் வலது கண்ணில் திடீரென்று நுளம்புக் கூட்டம் போலக் கறுப்புப் புள்ளிகள். இருட்டில் கண்ணைத் திருப்பினால் காதுப் பக்க ஓரத்தில் மின்னல் வெட்டு. முதலில் போனது மருந்துக்கடைக்கு. "அலர்ஜியா இருக்கும் ஐயா" என்று சொட்டு மருந்து கொடுத்தார்கள். நாலாம் நாள் கண்ணாடிக்கடை. "இது வயசு போனா வாறதுதான், பயப்பிட ஒண்டுமில்லை" என்று புதுக் கண்ணாடிக்கு அளவெடுத்து, மிதக்கிறதைக் கரைக்கும் என்று ஒரு மாதத்துக் குளிசைப் போத்தலும் விற்றார்கள். பத்தாம் நாள் மூக்குப் பக்கக் கீழ் மூலையில் சாம்பல் நிழல் ஏறியது. கண்ணாடி இன்னும் பழகவில்லை என்று நினைத்திருக்கிறார். பதின்மூன்றாம் நாள் நிழல் நடுப்பார்வையை மூடிய பிறகுதான் ஒரு கண் வைத்தியர் கண்மணியை விரித்து உள்ளே பார்த்தார். விழித்திரை மேல் ஓரத்தில் கிழிந்து, பாதிக்கு மேல் கழன்றிருந்தது.

முதல் இரண்டு மூன்று நாளில் கண்டிருந்தால் கதிரையில் இருந்தபடியே லேசர் அடித்து, அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். இப்போது சத்திரசிகிச்சை முடிந்தும் அந்தக் கண்ணுக்குப் பத்திரிகையில் தலைப்பு எழுத்து மட்டும்தான் தெரிகிறது. கடைகளின் பெயரைப் போடாததற்குக் காரணம், அந்த இரண்டை மட்டும் தவிர்த்தால் போதும் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது.

கண்ணுக்குள் நடப்பது இது. விழிவில்லைக்குப் பின்னால், பள்ளிக்கூடத்தில் கண்ணாடியுடனீர் என்று படித்த களி, ஏறக்குறைய 4 மில்லிலீற்றர் இருக்கிறது. நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பங்குக்கு மேல் தண்ணீர். மிச்சத்தில் முக்கியமானது கொலாஜன் நார். நுங்கு முற்ற முற்ற இறுகும். இது நேர்மாறு, வயது போகப் போகத் தண்ணியாகும். அப்போது நார்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரள்கின்றன. அந்தத் திரளின் நிழல் விழித்திரையில் விழுவதுதான் நூலாகவும் புள்ளியாகவும் தெரிகிறது. வெள்ளைச் சுவரையோ வானத்தையோ பார்க்கும்போது கூடுதலாகத் தெரியும். கண்ணை நிறுத்தினாலும் கொஞ்சம் நழுவிக்கொண்டே போகும். வருசக்கணக்காக ஒன்றிரண்டு நூல் மட்டும் இருக்கிறவர் இதற்காக நித்திரை குழம்பத் தேவையில்லை.

பயப்பட வேண்டியது திடீரென்று வருவதற்கு. பெரும்பாலும் ஐம்பது வயதுக்குப் பிறகு, களி சுருங்கி விழித்திரையை விட்டுக் கழன்று வருகிறது. கிட்டப்பார்வைக்காரருக்கும் கற்றராக்ட் ஒப்பரேசன் செய்தவருக்கும் இது முந்தியே நடக்கும். கழலும்போது விழித்திரையைப் பிடித்து இழுக்கும். அந்த இழுவைதான் மின்னலாகத் தெரிகிறது. அனேகமானோருக்குச் சுத்தமாகக் கழன்று, ஒரு வளையம் மட்டும் மிதந்துகொண்டு நிற்கும். ஆனால் இப்படித் திடீரென வந்தவர்களில் பத்துக்கு ஒருவருக்கு மேல், ஒட்டு இறுக்கமாக உள்ள இடத்தில் விழித்திரை குதிரை லாட வடிவில் கிழிகிறது. கூடவே இரத்தம் கசிந்து புகை படிந்த மாதிரி இருந்தால், பாதிக்கு மேற்பட்டோருக்குக் கிழிசல் இருக்கும். கிழிசல் வழியே தண்ணீர் பின்னால் புகுந்து, சுவரிலிருந்து தாள் உரிவது போல விழித்திரையை உரிக்கிறது. மேல் பக்கக் கிழிசல் என்றால் பாரமும் சேர்ந்து இழுப்பதால் கெதியாகக் கழலும். நிழல் எதிர்ப் பக்கத்தில் தெரியும். மேலே கிழிந்தால் கீழே இருட்டு. அதனால்தான் பலர் அதைக் கண்ணாடியின் குறை என்று நினைக்கிறார்கள்.

கிழிசல் உண்டாவது விழித்திரையின் வெளி ஓரத்தில். கண்மணியை விரிக்காமல் அந்த ஓரத்தை முழுதாகப் பார்த்துக் கிழிசல் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. நாடியை வைத்து உள்ளே தெரிகிற பலூன் படத்தைப் பார்க்கச் சொல்கிற மெஷின் கண்ணாடியின் பவரை அளக்கிறதே தவிர, விழித்திரையைப் பார்ப்பதில்லை. சில இடங்களில் விழித்திரைப் படம் எடுத்து "எல்லாம் கிளியர்" என்று பிரிண்ட் தருகிறார்கள். சாதாரண கமரா பிடிப்பது நடுப்பகுதியில் 45 பாகை அளவு. ஓரம் அந்தப் படத்தில் இல்லை. அந்த பிரிண்டை நம்பி வீட்டில் இருந்தவர்கள் ஏமாந்தவர்களிலேயே மோசமாக ஏமாந்தவர்கள்.

சரியான பரிசோதனையை இப்படி அடையாளம் காணலாம். முதலில் எழுத்துப் பலகையில் ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியே பார்த்துப் பதிவார்கள், கண் அழுத்தமும் பார்ப்பார்கள். பிறகு ட்ரொபிக்கமைட், பினைல்எப்ரின் போன்ற சொட்டு மருந்தைச் சில தடவை விட்டு இருபது முப்பது நிமிடம் காத்திருக்க வைப்பார்கள். கண்மணி விரிந்த பின் ஒளிக்கீற்று நுணுக்குக்காட்டியில் களியைப் பார்ப்பார்கள். அங்கே பழுப்புத் தூள் மிதந்தால் கிழிசல் இருக்க மிகவும் வாய்ப்புண்டு. வைத்தியர்கள் அதைப் புகையிலைத் தூள் என்றே சொல்வார்கள். யாழ்ப்பாணத்தாருக்கு அந்த நிறத்தை விளக்கத் தேவையில்லை. அடுத்து தலையில் வெளிச்சம் கட்டிய கருவியுடன், உங்களைச் சாய்த்துப் படுக்க வைத்து, மேலே பார், கீழே பார், மூலையைப் பார் என்று எட்டுத் திசையும் பார்க்கச் சொல்வார்கள். இமைக்கு மேலே ஒரு சின்ன உலோகக் குச்சியால் அழுத்தினால் அது குறையல்ல, கவனமாகப் பார்க்கிறார் என்பதற்கு அடையாளம். ஓரம் அப்போதுதான் உள்ளே தள்ளித் தெரியும். இரத்தம் மறைத்தால் இமைமேல் ஸ்கான் செய்வார்கள். சொட்டு மருந்தால் வரும் மங்கல் நாலைந்து மணித்தியாலம் நிற்கும், ஆகவே மோட்டார் சைக்கிளில் தனியே போகவேண்டாம். அன்றிரவு கண் வலித்து, வெளிச்சத்தைச் சுற்றி வளையம் தெரிந்து, சத்தி வந்தால் அழுத்தம் ஏறியிருக்கலாம். விடியும் வரை பார்த்திருக்க வேண்டாம்.

இன்றைக்கு ஒன்றும் இல்லை என்றாலும் நாலு முதல் ஆறு கிழமைக்குள் திரும்ப வரச் சொல்ல வேண்டும். களி முழுக்கக் கழலும் வரை பிந்திக் கிழிவதும் உண்டு.

லேசர் என்ற சொல்லில்தான் இன்னொரு ஏமாற்று ஒளிந்திருக்கிறது. "லேசர் அடிச்சா புள்ளி போயிடும்" என்பார்கள். கிழிசலைச் சுற்றி இரண்டு மூன்று வரிசையாகச் சுட்டு ஒட்டும் லேசர் ஒன்று. அறிகுறியோடு வந்த லாடக் கிழிசலை அப்படியே விட்டால் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு விழித்திரை கழலும். நேரத்தோடு ஒட்டினால் நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு. ஆனால் அந்த லேசரால் புள்ளிகள் போகாது, ஒட்டு இறுகவும் ஒன்றரை இரண்டு கிழமை எடுக்கும். புள்ளியையே உடைக்கும் யாக் லேசர் வேறு. வில்லைக்கும் விழித்திரைக்கும் போதிய தூரத்தில் நிற்கும் தனி வளையத்துக்குச் சிலருக்கு உதவும். பரவலான நூல்களுக்குப் பெரிதாக உதவாது. தவறினால் கற்றராக்ட், அழுத்த ஏற்றம், விழித்திரைக் காயம். கற்றராக்ட் ஒப்பரேசனுக்குப் பிறகு மங்கலுக்கு அடிப்பதும் யாக் லேசர்தான், வேலை வேறு. காசு கட்டுமுன் "எதற்கு அடிக்கிற லேசர், கிழிசல் எங்கே?" என்று கேளுங்கள், படம் கீறிக் காட்டச் சொல்லுங்கள்.

சொட்டு மருந்து பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நார்த் திரளைக் கரைப்பதாக நிரூபிக்கப்பட்ட சொட்டோ குளிசையோ கிடையாது. வாட்ஸ்அப்பில் சுற்றும் அன்னாசிப்பழ வைத்தியம் தீங்கில்லாதது, சலரோகக்காரர் அளவோடு சாப்பிட்டால். நந்தியாவட்டைச் சாறு, தேன், தாய்ப்பால் எதையும் கண்ணுக்குள் விடாதீர்கள், கிருமி போகும்.

கிழிசலற்ற புள்ளிக்குச் சிகிச்சை பெரும்பாலும் காத்திருப்பது. சில மாதத்தில் திரள் கீழே தாழும், மூளையும் அதைக் கணக்கெடுக்காமல் விடப் பழகும். மாதங்கள் கழிந்தும் வாசிக்க முடியாமல், வாகனம் ஓட்ட முடியாமல் இருந்தால் அரை மில்லிமீற்றர் அளவான மூன்று துளை வழியே களியை வெட்டி எடுக்கும் விற்றெக்டமி உண்டு. அதுதான் புள்ளியை உண்மையில் எடுக்கிற வழி. ஆனால் ஐம்பது தாண்டியவர்களில் பெரும்பாலானோருக்கு ஒன்றிரண்டு வருசத்தில் கற்றராக்ட் முற்றும். விழித்திரை கழலும் ஆபத்தும், அரிதாகக் கிருமித் தொற்றும் உண்டு. முதல் சந்திப்பிலேயே இதற்கு நாள் குறித்தால் இன்னொரு வைத்தியரிடம் காட்டுங்கள்.

சலரோகம் உள்ளவருக்குத் திடீரென வரும் கறுப்பு, நார் அல்லாமல் இரத்தமாக இருக்கலாம். கிளினிக் கொப்பியைக் கையோடு கொண்டு போங்கள். கண் சிவந்து, வலித்து, வெளிச்சம் கூசினால் அது அழற்சியாக இருக்கலாம், வைத்தியமே வேறு.

திடீர்ப் புள்ளி, மின்னல், நிழல் என்றால் தனியாரிடம் வைத்தியரைக் காட்டப் பதிகிற சனல் நம்பருக்காக அடுத்த கிழமை வரை காத்திருக்க வேண்டாம். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு அன்றைக்கே போங்கள். அரச வைத்தியசாலையில் இதற்குக் காசு இல்லை. வாசலில் "கண் மங்கல்" என்று மட்டும் சொல்லாமல், எத்தனை மணிக்குத் தொடங்கியது, மின்னல் உண்டா, நிழல் எந்த மூலையில், கிட்டப்பார்வையா, கண் ஒப்பரேசன் செய்ததா என்று ஒரு துண்டில் எழுதிக் கொடுங்கள். நடுப்பார்வை தப்பியிருக்கையில் கழன்றது தெரிந்தால் மணித்தியாலம்தான் கணக்கு. கொழும்புக்கு அனுப்பினால் அன்றிரவே வெளிக்கிடுங்கள், எந்தப் பக்கம் சாய்ந்து படுப்பது என்றும் கேட்டுவிட்டுப் போங்கள்.

ஒப்பரேசனில் கண்ணுக்குள் காற்று வாயு விட்டால், அது கரையும் வரை பறக்கக் கூடாது: எஸ்.எஃப்.6 என்றால் இரண்டு கிழமை அளவு, சி3.எஃப்8 என்றால் இரண்டு மாதம் வரை. உயரம் போனால் வாயு விரிந்து கண் அழுத்தம் பார்வையைப் பறிக்கும் அளவுக்கு ஏறும். சென்னையில் செய்துவிட்டுப் பலாலிக்குப் பறந்து திரும்ப நினைப்பவர்கள் இதை முன்கூட்டியே கேட்டு, தங்குவதற்கும் காசு ஒதுக்க வேண்டும். 1868 மீற்றர் உயரத்து நுவரெலியாவுக்கு வாகனத்தில் ஏறுவதும் அந்தக் காலத்தில் ஆகாது.