செம்பருத்திக்கு ஹோமியோ மாத்திரையா, வேப்பெண்ணெயா?

போன கோடையில் பால்கனியிலிருந்த இரண்டு செம்பருத்தித் தொட்டியிலும் மாவுப்பூச்சி. கணுவுக்குக் கணு பஞ்சை ஒட்டிவைத்த மாதிரி வெள்ளை. மொட்டெல்லாம் மலராமலே உதிர்ந்தது. "சிலிசியா 30 கொடுத்துப் பாரும்மா, செடிக்கும் கேக்கும்" என்றார் சித்தி. அவர் மனம் நோகாமல் ஒரு தொட்டிக்கு அந்த ஹோமியோ மாத்திரையைக் கொடுத்தேன், மற்றதற்கு வேப்பெண்ணெய்.

சுலபம் என்று பார்த்தால் மாத்திரைதான். லிட்டர் தண்ணீரில் நாலு உருண்டை, நாற்றம் இல்லை. வேப்பெண்ணெய் வீடெல்லாம் வீசும், வெயிலில் அடித்தால் இலை கருகும்.

ஆனால் இதில் நாள்தான் பெரிய கணக்கு. ஒரு பெண் பூச்சி பஞ்சுப் பைக்குள் நூற்றுக்கணக்கில் முட்டை வைக்கும். பொரிந்த குஞ்சுகள் ஊர்ந்து அடுத்த கிளைக்குப் போகும். தேன்போல் கசிவதைத் தின்ன வரும் எறும்புகள் அவற்றுக்குக் காவல் வேறு. "கேக்குதா பார்ப்போம்" என்று மூன்று வாரம் காத்தேன். அதற்குள் மாத்திரைத் தொட்டியில் நுனிக்கிளை இரண்டும் சுருண்டுவிட்டன. மாத்திரைப் பெயரிலுள்ள 30 என்றால் நூறில் ஒரு பங்காக முப்பது முறை கரைத்தது. பன்னிரண்டாவது முறையைத் தாண்டினாலே மூலப்பொருளின் ஒரு மூலக்கூறுகூட மிஞ்சுவது அரிது. பூச்சியை எது கொல்லும்?

வேப்பெண்ணெயில் அசாடிராக்டின் இருக்கிறது; பூச்சியின் தீனியையும் வளர்ச்சியையும் கெடுக்கும். வெயிலில் சீக்கிரம் சிதைவதால் ஒரு தடவை அடித்தால் போதாது. லிட்டருக்கு 5 மில்லி, எண்ணெய் கலக்கக் கொஞ்சம் சோப்புக் கரைசல், சாயங்காலம், இலையின் அடிப்பக்கம், வாரம் ஒருமுறை. மென்மையான இலையென்றால் முதலில் ஒரே இலையில் அடித்துப் பாருங்கள். பழைய டூத்பிரஷ்ஷால் கணுக்களையும் தேய்த்தேன், அதனால் பாதிப் பலன் பிரஷ்ஷுடையதாகவும் இருக்கலாம். என் அனுபவமும் இரண்டு தொட்டி, ஒரு கோடை, அவ்வளவே. சிலந்திப்பேனுக்கு இரண்டையும் வைத்துப் பார்த்ததில்லை.

மாத்திரையால் மணி பிளான்ட் பிழைத்தது என்று சித்தி சொல்வார். துருவிக் கேட்டதில், அதே வாரம் சமையலறை மூலையிலிருந்து ஜன்னலோரம் மாற்றியிருக்கிறார். பூச்சியே இல்லாமல் இலை மஞ்சளானால் இரண்டு மருந்துமே வேண்டாம். தொட்டியின் அடித்துளை அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

நாலாவது வாரம் மாத்திரைத் தொட்டியின் சுருண்ட கிளைகளை வெட்டி, பையில் கட்டிக் குப்பையில் போட்டுவிட்டு, அதற்கும் வேப்பெண்ணெய் ஆரம்பித்தேன். ஆடி பிறந்த பிறகுதான் துளிர் விட்டது. மற்ற தொட்டியில் அதற்குள் ஏழு பூ பறித்திருந்தேன்.