லேத் பட்டறையில் மெல்லிய பின் செய்யக் கொடுப்பவர்களின் கவனத்துக்கு

சென்ற விடுமுறையில் ஊருக்கு வந்தபோது, காட்பாடியில் ஒரு லேத் பட்டறையில் 30 எஃகுப் பின்களுக்கு 3,600 ரூபாய் கொடுத்து ஏமாந்தேன். வேலூர், ராணிப்பேட்டைப் பக்கம் இதுபோன்ற நுண்ணிய வேலை கொடுக்க இருப்பவர்களும், என்னைப் போல் அமெரிக்காவில் இலக்குச் சுடுதலில் ஈடுபட்டுத் தோட்டாக் கூடுகளைத் தாங்களே மறுபடி நிரப்பிக்கொள்ளும் தமிழர்களும் அதே பள்ளத்தில் விழக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். பட்டறையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அங்கே வேலை பழகும் பையன்கள் இருவரின் பிழைப்பும் அதில் இருக்கிறது.

சுட்டு முடித்த பித்தளைக் கூட்டின் அடியில், தோட்டாவைப் பற்றவைக்கும் சின்ன மூடியான பிரைமர் எரிந்துபோய் உட்கார்ந்திருக்கும். அதன் தீ உள்ளே இருக்கும் வெடிமருந்துக்குப் போவது நடுவில் உள்ள ஒரே ஒரு சிறு துளை வழியாகத்தான். அதை ஃபிளாஷ் ஹோல் என்பார்கள். கூட்டைப் பிரஸ் என்ற கைப்பிடி வைத்த அழுத்துக் கருவியில் ஏற்றும்போது, ஒரு பின் கூட்டின் வாய் வழியாக இறங்கி, அந்தத் துளைக்குள் நுழைந்து, பழைய பிரைமரைக் கீழே தள்ளிவிடும். பெரும்பாலான ரைஃபிள் கூடுகளில் துளையின் விட்டம் 2 மி.மீ.; கடையில் கிடைக்கும் பின் சுமார் 1.8 மி.மீ. ஆனால், ஃபின்லாந்தின் லாப்புவா நிறுவனம் சின்ன பிரைமருக்கென்று செய்யும் .308, 6.5 கிரீட்மோர் என்ற ரைஃபிள் தோட்டா வகைகளின் கூடுகளில் துளை 1.5 மி.மீ.தான். அதில் 1.8 பின்னை அழுத்தினால் பின் வளையும், அல்லது ஒடியும், அல்லது துளையிலேயே இறுகிக்கொண்டு கூட்டை விடாமல் பிடித்துக்கொள்ளும். என்னிடம் இருப்பவை அந்த .308 கூடுகள். மெல்லிய பின்கள் அமெரிக்காவிலேயே விற்பனைக்குக் கிடைக்கும் என்றாலும், நம் ஊர்ப் பட்டறைகளின் கைவேலையைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவன் என்ற நம்பிக்கையில், மொத்தமாக இங்கேயே செய்துகொள்ளலாம் என்று முடிவு செய்தேன்.

பெரியப்பா மகன் அழைத்துப்போய் அறிமுகப்படுத்தினார். விட்டம் 1.45, எந்த இடத்திலும் 1.48-ஐத் தாண்டக் கூடாது, ஸ்பிரிங் ஸ்டீலில் இருக்க வேண்டும், முனை லேசாக உருண்டிருக்க வேண்டும் என்று தாளில் படம் வரைந்து கொடுத்தேன். எதற்கு என்று பட்டறைக்காரர் கேட்டார், சொன்னேன். வெற்றுக் கூடு ஒன்றைக்கூட நான் எடுத்து வந்திருக்கவில்லை. விமான நிலையத்தில் பெட்டிக்குள் தோட்டாக் கூடு இருந்தால் என்னென்ன கேள்விகள் வரும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. ஆகையால் செய்த பின்னைப் போட்டுப் பார்க்க அங்கே எதுவும் இல்லை. பட்டறைக்காரருக்கும் அது நன்றாகத் தெரிந்திருந்தது என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

நான்காம் நாள் எண்ணெய்த் தாளில் சுருட்டிய பொட்டலம் தயாராக இருந்தது. மேலாக இருந்த ஒரு பின்னை எடுத்து டிஜிட்டல் வெர்னியரில் வைத்தார், 1.46 என்று காட்டியது. "எல்லாமே ஸ்பிரிங் ஸ்டீல் சார், ஒடையவே ஒடையாது" என்றார். மற்ற 29 பின்களை நான் அளக்கவில்லை. ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்ற அவசரத்தில் மீதிப் பணத்தையும் கொடுத்துவிட்டு வந்தேன்.

டெக்சாஸ் திரும்பியதும் முதல் பின்னைப் பூட்டி வேலையைத் தொடங்கினேன். ஆறு கூடுகள் ஒழுங்காக வந்தன. ஏழாவதற்குள் அந்தப் பின் லேசாக வளைந்திருந்ததால் வேறொன்றை மாற்றினேன். அது துளைக்குள் இறங்கும்போதே கைப்பிடி கனத்தது. திரும்ப மேலே இழுத்தபோது பின் கூட்டோடு போய்விட்டது. துளையில் ஆணி அறைந்தது போல் நின்ற அதை இடுக்கியால் திருகி எடுத்த பிறகு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், வட்டமாக இருந்த துளை நீள்வட்டமாகியிருந்தது. குறை என் பிரஸ்ஸில்தானோ என்று நினைத்து, பின்னைப் பிடிக்கும் அச்சைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்ததில், நான் நிறுத்துவதற்குள் 17 கூடுகள் பாழாகிவிட்டன. ஒவ்வொன்றும் ஒரு டாலருக்கு மேல் விலை உள்ளது.

மைக்ரோமீட்டரை எடுத்து 30 பின்களையும் அளந்தேன். நான்கு மட்டுமே 1.48-க்குள் இருந்தன, மற்றவை 1.52 முதல் 1.58 வரை. 1.5 மி.மீ. துளைக்குள் 1.58 மி.மீ. கம்பி இறுகாமல் என்ன செய்யும்? அரத்தை ஒரு முறை இழுத்ததும் வெண்ணெய் போல வழித்துக்கொண்டு வந்தது. கடினப்படுத்திய எஃகாக இருந்திருந்தால் அரம் வழுக்கிப் போயிருக்கும். பிறகு லென்ஸ் வைத்துப் பார்த்தபோது, பின்னின் கொண்டைக்குக் கீழே, எமரித் தாள் எட்டாத மூலையில், தலைமுடி அகலத்துக்குச் செம்புச் சிவப்பு ஒட்டியிருந்தது. அப்போதுதான் விளங்கியது. ஆர்கான் வெல்டிங்குக்குப் பயன்படுத்தும், செம்புப் பூச்சுள்ள 1.6 மி.மீ. கம்பியை நறுக்கி, மேலே தேய்த்துக் கொடுத்திருக்கிறார். அது மெல்லிரும்பு. அவர் தேய்த்துக் களைத்த இடத்தில் அளவும் நின்றுவிட்டது.

தொலைபேசியில் கேட்டதற்கு, "நீங்க மிஷின்ல ஓவரா அழுத்திட்டீங்க சார்" என்றார். செம்பைப் படம் எடுத்து அனுப்பினேன். பார்த்தார், பதில் இல்லை. எழுபது வயதைக் கடந்த என் அப்பா இரண்டு முறை வெயிலில் போய் நின்றார். "பில்லுல ஸ்பிரிங் ஸ்டீல்னு எழுதியிருக்கா பெரியவரே?" என்று கேட்டு அனுப்பியிருக்கிறார்கள். எழுதவில்லைதான். துண்டுச் சீட்டில் 'பின் 30' என்றும் தொகையும் மட்டுமே இருந்தன. பணத்தைவிட அந்த ஒரு வாக்கியம்தான் என்னை அதிகமாக வருத்துகிறது.

இப்படி வேலை கொடுப்பவர்கள், உலோகத்தின் பெயரையும் அளவின் மேல் எல்லையையும் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். காந்தம் ஒட்டுகிறதே என்று நம்பாதீர்கள். மெல்லிரும்பிலும் ஒட்டும், ஸ்பிரிங் ஸ்டீலிலும் ஒட்டும். அரம்தான் உண்மையைச் சொல்லும். பொருத்திப் பார்க்க அசல் பொருள் கையில் இல்லையென்றால், அதே அளவில் துளையிட்ட ஒரு பித்தளைத் தகடாவது வைத்துக்கொள்ளுங்கள். 1.5 மி.மீ. டிரில் பிட்டால் தகட்டில் ஒரு துளை போட்டு, ஒவ்வொரு பின்னும் விரல் அழுத்தத்திலேயே அதைத் தாண்டுகிறதா என்று நான் பார்த்திருந்தால் பத்து நிமிடத்தில் எல்லாம் வெளியாகியிருக்கும்.

கூடுகளை நிரப்புகிறவர்களுக்கு இன்னும் ஒன்று. பிரைமர் சின்னது என்பதால் துளையும் சின்னது என்று முடிவு கட்ட வேண்டாம்; .223 கூட்டின் பிரைமர் சின்னது, துளையோ 2 மி.மீ. ஆகவே ஒவ்வொரு புதிய தொகுப்பையும் 1.8 மி.மீ. பின்னைக் கையால் விட்டுப் பார்த்து, தனித்தனி டப்பாவில் பிரித்து வையுங்கள். பின் இறங்கவில்லை என்பதற்காகத் துளையை டிரில்லால் பெரிதாக்கிவிடலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள், செய்யாதீர்கள். துளை மாறினால் மருந்து பற்றும் விதம் மாறும், அழுத்தமும் மாறக்கூடும்; சிறிய துளைக்கென்று பார்த்துப் பார்த்து அமைத்த மருந்தளவு பிறகு செல்லாது. 2 மி.மீ. துளைக்கான பிசிறு நீக்கும் கருவியும் இந்தக் கூட்டின் துளையை அகலமாக்கிவிடும். இந்தியாவில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியது: 1959-ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டத்தின்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். இதைப் படித்துவிட்டு யாரும் அதில் இறங்க வேண்டாம்.

போன மாதம் அப்பா ராணிப்பேட்டையில் வேறொரு பட்டறையில் பியானோ வயர் என்ற கடினமான ஸ்பிரிங் ஸ்டீல் கம்பியில் பத்துப் பின்கள் செய்யச் சொன்னார். முதலில் பித்தளைத் தகட்டில் துளை போட வைத்து, அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் பின்களை வாங்கப் போனார். வீடியோ அழைப்பில் நான் பார்த்துக்கொண்டிருக்க, ஒவ்வொன்றாகத் துளையில் விட்டார். ஒன்பது போயின. நின்றுவிட்ட பத்தாவதை, அப்பா வாய் திறப்பதற்கு முன்பே, அந்தப் பட்டறைக்காரர் வாங்கிக்கொண்டு கிரைண்டருக்குப் போனார்.